அண்டர்கிரவுண்ட் ராப்: கேசட் முதல் பேண்ட்கேம்ப் வரை

1990களின் நியூயார்க்கில் யாருக்கும் தெரியாத ராப்பரை முதலில் கேட்டவர் என்ற பெருமை வேண்டுமென்றால், வியாழக்கிழமை இரவுத் தூக்கத்தை விட்டுவிட வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலியில், 89.9 பண்பலையில், இரவு ஒரு மணிக்கு ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோ கார்சியாவும் வந்து உட்காருவார்கள். விடியற்காலை ஐந்து வரை அவர்கள் ராஜ்ஜியம். 1990இலிருந்து 1998 வரை இது நடந்தது. எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாத இளைஞர்கள் நேரே ஸ்டுடியோவுக்கு வந்து மைக்கைப் பிடித்தார்கள். நாஸ், ஜே-ஸீ, வூ-டாங் கிளான் எல்லோரும் ஊருக்குத் தெரியும் முன்பே அங்கே ஒலித்தவர்கள்.

விழித்திருக்க முடியாதவர்களுக்கு டேப் ரெக்கார்டர்தான் துணை. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் ஓடும். நான்கு மணி நேரத்தையும் பிடிக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து எழுந்து பக்கம் மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில் போன பாட்டு போனதுதான். அந்தக் கேசட் நண்பனிடம் போய், அவனிடமிருந்து இன்னொரு பிரதியாகி, இரைச்சல் கூடிக்கூடிக் கைமாறியது.

பாட்டு பிடித்துவிட்டால் அடுத்த படி, 1994இல் தொடங்கிய ஃபேட் பீட்ஸ் இசைத்தட்டுக் கடை. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரே விமர்சகர். தட்டைத் திருப்பி, தயாரிப்பாளர் பெயர், கூடப் பாடியவர் பெயர் எல்லாம் படித்துத்தான் அடுத்த கலைஞரைக் கண்டுபிடித்தார்கள். மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சலஸின் குட் லைஃப் கஃபேயில் சலித்தெடுக்கும் வேலையைக் கூட்டமே செய்தது. கெட்ட வார்த்தைக்கு அங்கே தடை. சரக்கு இல்லாமல் மேடை ஏறியவரிடம் மைக்கை அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கூட்டம் குரல் எழுப்பும்.

இன்று அந்தக் காத்திருப்பெல்லாம் இல்லை. படுக்கையறையில் பதிவு செய்த பாட்டை இன்றிரவே சவுண்ட்கிளவுடில் ஏற்றிவிடலாம். உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். ஃபேட் பீட்ஸின் நியூயார்க் கடை 2010இல் மூடப்பட்டது. ஆனாலும் கலைஞர்கள் நிற்கவில்லை: புகைப்படங்களில் முகம் காட்டாத ராப்பர் பில்லி வுட்ஸ், பேக்வுட்ஸ் ஸ்டூடியோஸ் என்ற சொந்த லேபிளை நடத்திக்கொண்டே தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டார்.

ஆனால் வழிகாட்டியின் இடத்தில் இப்போது அல்காரிதம் உட்கார்ந்திருக்கிறது. நேற்று நாம் கேட்டதை வைத்து அதற்கு நெருக்கமானதைத்தான் அது நீட்டும். பரிசோதனை ராப்பின் உயிரே எதைப் போலவும் இல்லாமலிருப்பதில் இருக்கிறது. தாளம் பாதியில் அறுந்துபோகும் பாட்டையும், ஏழு நிமிடம் பல்லவியே வராத பாட்டையும் 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று ஓர் இயந்திரம் துணிந்து சொல்வது அபூர்வம். இந்த விஷயத்தில் பாபிட்டோ வேறு ஆள். கே.எம்.டி. குழுவை எலெக்ட்ரா நிறுவனம் 1994இல் கைவிட்டது. அதிலிருந்த ராப்பர் ஒருவர் எம்.எஃப். டூம் என்ற பெயரில் திரும்பி வந்தபோது, தன் சிறிய ஃபாண்டில் எம் லேபிளில் 1999இல் அவர் ஆல்பத்தை வெளியிட்டவர் பாபிட்டோதான். வானொலியில் பாட்டைப் போட்டதோடு நிற்காமல், தன் லேபிளையும் கொடுத்தார்.

தட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கத்துக்கு இன்றும் ஓரிடம் உண்டு. இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் ஓர் ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால், அதை வாங்கியவர்களின் படங்கள் சின்னச் சின்னச் சதுரங்களாக வரிசையில் நிற்கும். ஒன்றைத் தொட்டால் அந்த ரசிகர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் விரியும். பத்து ஆல்பங்களில் ஆறு நமக்குப் பிடித்தவை என்றால், மீதி நான்கையும் நம்பிக் கேட்கலாம். சும்மா கேட்டுவிட்டுப் போனவரின் பெயர் அங்கே வராது. காசு கொடுத்தவருக்குத்தான் இடம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும் அந்தத் தளம், 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது.

பாட்டு கிடைப்பது அன்று கஷ்டம், இன்று சுலபம். நம்பத் தகுந்த காது கிடைப்பது மட்டும் இன்றும் கஷ்டம்தான். பாபிட்டோ செய்த வேலையை இன்று செய்துகொண்டிருப்பவர், ஒரு புது ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கி, தன் ரசனையை நாலு பேர் பார்க்கத் திறந்து வைக்கும் முகம் தெரியாத ரசிகர்.