தொலைபேசி வழியே ஆகார ஆலோசனை: இருதய நோயாளர் அறிய வேண்டுவன

இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரிடம் மருத்துவர் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புகிறார். மருந்தைத் தவறாது உட்கொள்ள வேண்டும் என்பது ஒன்று; உப்பையும் கொழுப்பையும் குறைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சீட்டு உண்டு, வேளை உண்டு, அளவு உண்டு. இரண்டாவதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. எதில் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, குறைந்ததா என்று யார் பார்ப்பது? இக்குறையை நீக்கும் பொருட்டே ஆகார நிபுணர்கள் தொலைபேசி வழியே ஆலோசனை கூறும் முறை ஏற்பட்டுள்ளது. தறியை நிறுத்திவிட்டும், வயல் வேலையை விட்டுவிட்டும் பட்டணத்து மருத்துவமனைக்கு அடிக்கடி செல்ல இயலாத நம் அங்கத்தினர்களுக்கு இம்முறையை விளக்குவது பயன் தரும் என்று கருதுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆறு மருத்துவமனைகளைச் சேர்ந்த 792 இருதய நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயாளர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சை கிடைத்தது. ஒரு பிரிவினருடன் மட்டும், ஆகார நிபுணரோ செவிலியரோ ஆறு மாத காலம் அவ்வப்போது தொலைபேசியில் பேசி வந்தார். ஆலோசனை பெற்றவர்களுடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்குச் சராசரி 21 மில்லிகிராம் குறைந்தது; மற்றவர்களுக்கு 7 மில்லிகிராமே குறைந்தது. இது ஆகாரத்தால் மட்டும் விளைந்த பயனன்று. தம் இரத்தப் பரிசோதனையின் அளவு என்ன, எய்த வேண்டிய அளவு என்ன என்பதை நோயாளரே அறிந்துகொண்டு, மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுத் தெளியுமாறு ஊக்குவிக்கப்பட்டனர்.

இதன் காரணம் நமக்குப் புதிதன்று. சங்கத்தில் ஆண்டுக்கொரு முறை தணிக்கை நடப்பினும், அன்றாடக் கணக்கை அன்றன்றே எழுதாவிடில் தணிக்கையால் ஆவதென்ன? ஒரு முறை கேட்ட புத்திமதி சில வாரங்களில் மறந்துபோகும். குறித்த நாளில் மீண்டும் ஒருவர் விசாரிப்பார் என்றிருந்தால் கணக்கு நிற்கும்.

ஆனால் ஆலோசகர் நம் அடுப்பங்கரையைக் காண்பதில்லை. நாம் சொல்வதையே காண்கிறார். ஆகவே, மெய்யான அளவைச் சொல்வதே இம்முறைக்கு உயிர்நிலையாகும். உப்பை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியவர் நால்வர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு சமையலில் செலவானால், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் ஆகியவற்றில் உள்ள உப்பு இதில் சேரவில்லை. ‘உப்பு குறைவாகத்தான் போடுகிறோம்’ என்று சொல்வதைவிடப் பண்டகசாலைச் சீட்டைப் பார்த்துச் சொல்வது மேல். எண்ணெய்க்கும் இதுவே முறை.

ஆலோசகரிடம் பேசுமுன், மூன்று நாட்கள் உண்டவை, உடல் எடை, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பின் மறைக்கலாகாது. வீட்டில் சமைப்பவரும் உடனிருந்து கேட்பது இன்றியமையாதது. உலையில் உப்பிடும் கை அவருடையதன்றோ?

மருந்தின் பெயரைச் சொல்லாவிடில் நல்ல ஆகாரமும் தீங்காகலாம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உட்கொள்வோர் கீரையைத் திடீரென மிகுதியாக உண்பதும், அடியோடு நிறுத்துவதும் தவறு; ஏறக்குறைய ஒரே அளவாக உண்டு வர வேண்டும். சோடியம் குறைந்ததென விற்கப்படும் உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் கலந்துள்ளது. சிறுநீரகம் பழுதுற்றோரும், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதை உபயோகிக்கலாகாது. இருதயம் பலவீனமுற்றோர் காலைதோறும் எடை பார்த்தல் நன்று. மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது என்பதற்கு அது அறிகுறியாகலாம். உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிற்க, தொலைபேசி ஆலோசனை சிகிச்சைக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் ஆகார நிபுணரை அழைத்துக்கொண்டிராமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருத்துவமனையை விட்டு வரும்போதே, தொலைபேசியில் பேசக்கூடிய ஆகார நிபுணர் அங்கு உண்டா என்று கேட்டறிக. ஒவ்வொரு சங்கமும் தன் கட்டடத்தில் ஓர் எடைக்கருவியையும் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றையும் வைத்து, வாரத்தில் ஒரு நாள் அங்கத்தினர்கள் அளந்து குறித்துக்கொள்ள வசதி செய்தல் வேண்டும். செலவு சிறிது, அதனால் ஒரு குடும்பத்தின் உழைக்கும் கை காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த இலாபம் சங்கத்திற்கு வேறில்லை.