கார் 'மூளை'யை ரீசெட் செய்தால் 'பிக்கப்' எகிறுமா? உப்புக்காற்று ஊரில் உஷார்!

மரக்காணம்:
மரக்காணம் அருகே உள்ள பிரம்மதேசம் பகுதி வாலிபர்களுக்கு கிழக்கு கடற்கரை சாலை என்றாலே தனி குஷிதான். ஏர் பில்டர், சைலன்சர் என எதையாவது மாற்றிவிட்டு, "பேட்டரி வயரை கழட்டி மாட்டு, வண்டி பறக்கும்" என்று யோசனை சொல்ல ஆள் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் இது பாதிதான் உண்மை.

காரின் மூளையான இ.சி.யு., ஆக்சிஜன் சென்சார் தரும் தகவலை வைத்து பெட்ரோலை கூட்டி, குறைத்து, அந்த கணக்கை நினைவில் வைத்திருக்கும். புது பாகம் பொருத்தியதும் பழைய கணக்கு ஒத்துவராமல் ஐடிலிங்கில் வண்டி உதறலாம். சாவியை எடுத்துவிட்டு, 10-ம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் வயரை மட்டும் கழட்டி 15 முதல் 30 நிமிடம் விட்டால், பல பழைய மாடல்களில் அது அழிந்துவிடும். புது கார்களுக்கு ஸ்கேனர்தான் சரி. அப்புறம் சில நாள் நிதானமாக ஓட்டினால் வண்டி தானே கற்றுக்கொள்ளும். பவர் கூடாது. கம்பெனி போட்ட புரோகிராம் அப்படியேதான் இருக்கும்.

இங்கே இன்னொரு சங்கதி. உப்பளக் காற்றில் பேட்டரி முனை, எர்த் வயர், சென்சார் கனெக்டர் எல்லாம் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். என்ஜின் விளக்கு எரிய அதுவும் காரணமாகலாம். ரீசெட் செய்தால் விளக்கு அணையும், கோளாறு போகாது. பதிவான குறியீடும் அழிந்து மெக்கானிக்குக்கு துப்பு கிடைக்காது. மிஸ்பயர் தொடர்ந்தால் எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வெந்துவிடும், செலவு பெரிசு. எனவே முதலில் ஸ்கேன், பிறகுதான் ரீசெட்.

சைலன்சர் பிரியர்கள் கவனிக்க: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.