பலவும் மிகுதியும்

தமிழில் 'பல நூல்கள்' என்கிறோம். 'மிகுந்த நீர்' என்கிறோம். எண்ணத்தக்கவற்றிற்கு ஒரு சொல், அளக்கத்தக்கவற்றிற்கு மற்றொன்று. ஆங்கிலமும் இத்தகையதே. எண்ணுவதற்கு 'மெனி', 'எ லார்ஜ் நம்பர் ஆஃப்'. அளப்பதற்கு 'மச்', 'எ கிரேட் டீல் ஆஃப்'. 'எ லாட் ஆஃப்', 'பிளென்டி ஆஃப்' என்பன இரு வகைக்கும் பொருந்தும். அவற்றில் வினை, அடுத்து வரும் பெயரைப் பின்பற்றும்: நீரெனில் 'இஸ்', நூல்களெனில் 'ஆர்'.

ஈண்டு யான் செய்த பிழையொன்றைச் சொல்லுதல் கடன். 'எ நம்பர் ஆஃப் பாய்ஸ் வேர் ஆப்சென்ட்' என்று மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். 'நம்பர்' ஒருமையன்றோ என்றெண்ணி, 'வேர்' என்பதை அடித்து 'வாஸ்' என்று திருத்தினேன், மதிப்பெண்ணும் குறைத்தேன். அன்றிரவு இலக்கண நூலைப் புரட்டியபோதே உண்மை விளங்கிற்று. 'எ நம்பர் ஆஃப்' என்றால் 'பலர்' என்பது பொருள். ஆகவே பன்மை வினை. 'தி நம்பர் ஆஃப்' என்றால் 'எண்ணிக்கை', அதற்கே ஒருமை. முன்னிற்கும் சிறுசொல் பொருளையே மாற்றிவிடுகிறது.

மறுநாள் வகுப்பறையில், அனைவரும் கேட்க என் பிழையைச் சொல்லி, அவனுக்குரிய மதிப்பெண்ணைத் திரும்ப அளித்தேன். அன்று முதல் அவ்வகுப்பு மாணவர் என்னிடம் ஐயம் வினவ அஞ்சியதில்லை.