அடுத்த மாசம் ‘சூனியக்காரி’ மாசமா? அப்போ இதைப் படிச்சுட்டு ஓட்டுப் போடுங்க!

புக் கிளப் ஆரம்பிச்ச புதுசுல எல்லாம் ஜோராத்தான் இருக்கும். முதல் மாசம் பதினஞ்சு பேர். ரெண்டாவது மாசம் ஒன்பது பேர். மூணாவது மாசம் பிரசிடெண்ட், செகரெட்டரி, அப்புறம் சமோசாவுக்காக வந்த ஒரு ஜூனியர்! இப்படிக் கூட்டம் கரைஞ்சுக்கிட்டே வர்ற நேரத்துல யாராவது ஒருத்தர், ‘‘கொஞ்சம் திரில்லா ஏதாவது படிக்கலாம்ப்பா... சூனியக்காரி கதை மாதிரி’’ன்னு ஐடியா கொடுப்பாங்க. எல்லாக் கையும் மேலே போகும். குழப்பம் அதுக்கப்புறம்தான் ஆரம்பம். எந்தப் புத்தகம்?

சூனியக்காரின்னதும் நமக்கு ஞாபகம் வர்றது அம்புலிமாமா படங்களும் ஹாரி பாட்டரும்தான். ஹாரி பாட்டர் மூணாவது புத்தகத்தோட ஆரம்பத்துல அவன் ராத்திரி போர்வைக்குள்ள உட்கார்ந்து ஒரு ஹோம்வொர்க் எழுதுவானே... சூனியக்காரிகளை நெருப்புல போட்டது சுத்த வேஸ்ட், நிஜ சூனியக்காரிக்கு ஒரு மந்திரம் போட்டா தீ சுடாதுன்னு. படிக்கும்போது சிரிச்சிருப்பீங்க. ஆனா சரித்திரத்துல செத்தவங்ககிட்ட மந்திரம் எதுவும் இல்லை. அவங்களுக்குப் பேர் இருந்தது, ஊர் இருந்தது, கோர்ட் ரெக்கார்டு இருக்கு. ‘சரித்திர நாவல்’னு லேபிள் ஒட்டின புத்தகத்தைக் கையில எடுக்கும்போது இதை மறந்துடக் கூடாது.

சரி, லிஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயத்தை கிளியர் பண்ணிக்குவோம். முதல்ல, இதெல்லாம் இடைக்காலத்து இருட்டுல நடந்ததுன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். இல்லைங்க! ஐரோப்பாவுல சூனியக்காரி வேட்டை உச்சத்துல இருந்தது சுமாரா 1560லேர்ந்து 1630 வரைக்கும். ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதின காலம், கலிலியோ டெலஸ்கோப்பைத் திருப்பி வானத்தைப் பார்த்த காலம். ‘தொண்ணூறு லட்சம் பேரைக் கொன்னாங்க’ன்னு நெட்டுல பார்ப்பீங்க. அது கட்டுக்கதை. வரலாற்று ஆய்வாளர்கள் சொல்ற கணக்கு 40,000லேர்ந்து 60,000 வரை. அதுல முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆனா ஐஸ்லாந்துல மாட்டினவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க! அப்புறம், எல்லா இடத்துலயும் எரிக்கலை. ஜெர்மனியில எரிச்சாங்க, இங்கிலாந்துல பெரும்பாலும் தூக்கு. அமெரிக்காவோட சேலம்ல ஒருத்தரைக்கூட எரிக்கலை. பின்னட்டையில ‘சேலத்து நெருப்பு’ன்னு போட்டிருந்தா, அந்தப் புத்தகத்தை அப்படியே ஷெல்ஃப்லயே வெச்சுடுங்க. (நம்ம சேலம் இல்லை பாஸ், மாசசூசெட்ஸ் சேலம்!)

கெப்ளரோட அம்மா

என் முதல் ஓட்டு இதுக்குத்தான். பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல கெப்ளர் விதிகள் மூணையும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அந்த மூணாவது விதி இருக்கே, அதை அவர் புத்தகத்துல வெளியிட்டது 1619ல. அந்த சமயத்துல அவரோட அம்மா கேத்தரினா மேல ‘இவ சூனியக்காரி’ன்னு ஒரு வழக்கு இழுத்துட்டு இருந்தது. இது எந்த டெக்ஸ்ட் புக்லயும் வராது!

ஆரம்பம் 1615. லியோன்பெர்க்னு ஒரு சின்ன ஜெர்மன் ஊர். கண்ணாடி வேலை செய்றவரோட மனைவி ஒருத்தங்க, ‘கேத்தரினா எனக்குக் கசப்பா ஏதோ குடிக்கக் கொடுத்தா, அன்னியிலேர்ந்து எனக்கு உடம்பு சரியில்லை’ன்னு கிளப்பிவிட்டாங்க. அவ்வளவுதான், ஊர்ல ஆளாளுக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சு. என் மாடு செத்தது அவளாலதான், என் பொண்ணுக்குக் கை வலி வந்தது அவளாலதான்னு. பாட்டியும் கொஞ்சம் ஏடாகூடமான ஆளுதான். வெட்டியான்கிட்டே போய், செத்துப்போன தன் அப்பாவோட மண்டை ஓடு வேணும், அதுல மகனுக்கு ஒரு கிண்ணம் செஞ்சு தரணும்னு கேட்டவங்க! விசாரிக்க வந்த அதிகாரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பையை லஞ்சமா நீட்டி கேஸை இன்னும் சிக்கலாக்கினாங்க. 1620ல கைது. எழுபது தாண்டின கிழவியைப் பதினாலு மாசம் சங்கிலி போட்டு வெச்சிருந்தாங்க. பேரரசரோட கணித நிபுணரா இருந்த மகன், வேலையை விட்டுட்டு வந்து அம்மாவுக்காக வாதாடினார். கடைசியில சித்திரவதைக் கருவிகளை எதிர்ல காட்டி ‘ஒத்துக்கோ’ன்னு மிரட்டினாங்க. பாட்டி மசியலை. 1621ல விடுதலை. ஆறு மாசத்துல செத்துப் போயிட்டாங்க.

இதை ரிவ்கா கால்சென் 2021ல நாவலா எழுதினாங்க. பேரே ‘எவ்ரிஒன் நோஸ் யுவர் மதர் இஸ் எ விட்ச்’. உங்கம்மா சூனியக்காரின்னு ஊருக்கே தெரியும்! எழுதப் படிக்கத் தெரியாத கேத்தரினா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் எழுதறதா கதை போகும். எழவு வீட்டுலயும் நக்கல் பண்ணுற பாட்டிங்க இருப்பாங்களே, அந்தக் குரல். சிரிச்சுட்டே போவீங்க, திடீர்னு அடிவயிறு கலங்கும். சயின்ஸ் குரூப்பையும் லிட்டரேச்சர் குரூப்பையும் ஒரே டேபிள்ல உட்கார வைக்கிற புத்தகம் வேற எது? நிஜக்கதை எது, நாவல் எதுன்னு சண்டை வந்தா, உலிங்கா ரப்ளாக்ங்கிற வரலாற்றுப் பேராசிரியர் 2015ல எழுதின ‘தி அஸ்ட்ரானமர் அண்ட் தி விட்ச்’ இருக்கு. ஒருத்தர் மட்டும் அதைப் படிச்சுட்டு வந்தா போதும், மீட்டிங் களை கட்டிடும்.

சேலம்: நாடகமா, நாவலா?

ஆங்கில இலக்கியம் படிக்கிறவங்களுக்கு ஆர்தர் மில்லரோட ‘தி க்ரூசிபிள்’ தெரிஞ்சிருக்கும். 1953ல வந்த நாடகம். 1692ல சேலம்ல நடந்ததைச் சொல்ற சாக்குல, தன் காலத்து அமெரிக்காவுல கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி வேட்டையாடினதைச் சொன்னார் மனுஷன். அப்புறம் 1956ல அவரையே விசாரணைக் கமிட்டி கூப்பிட்டு ‘கூட இருந்தவங்க பேரைச் சொல்லு’ன்னு கேட்டது. சொல்ல மாட்டேன்னுட்டார்!

ஆனா ஒரு விஷயத்தை கிளப்புல கட்டாயம் பேசணும். நாடகத்துல அபிகெய்லுக்கு 17 வயசு, அவளுக்கும் ஜான் ப்ராக்டருக்கும் ஒரு கள்ள உறவு, அதுல வந்த பழிவாங்கல்தான் எல்லாத்துக்கும் காரணம். நிஜத்துல அந்தப் பொண்ணுக்குப் பதினொண்ணோ பன்னெண்டோதான் வயசு. ப்ராக்டர் அறுபதை நெருங்கின கிழவர். உறவெல்லாம் மில்லர் சேர்த்த மசாலா. சினிமாவுக்கு ஹீரோ வேணும், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு சின்னப் பொண்ணை வில்லியாக்கலாமா? எனக்கு இது உறுத்தலாத்தான் இருக்கு. உங்க கிளப்புல ரெண்டு கட்சி பிரியும் பாருங்க.

சேலம்ல 19 பேரைத் தூக்குல போட்டாங்க. இன்னொருத்தர் வாதாட மறுத்ததால மேலே கல்லை அடுக்கி நசுக்கியே கொன்னாங்க. கொடுமை என்னன்னா, ‘ஆமா, நான் சூனியக்காரிதான்’னு ஒத்துக்கிட்டு அதுல நின்னவங்க பிழைச்சாங்க. பொய் சொல்ல மாட்டேன்னு நின்னவங்க கழுத்துலதான் கயிறு விழுந்தது. முதல்ல ஒத்துக்கிட்டவ டிட்யூபா, அடிமைப் பெண். ஜெயில்ல இருந்ததுக்கான சாப்பாட்டுச் செலவையும் கைதிதான் கட்டணும்ங்கிறது அன்னிக்கு வழக்கம். அவளுக்காகக் கட்ட யாருமில்லை. கடைசியில யாரோ பணம் கட்டி அவளைக் கூட்டிட்டுப் போனாங்க. யாரு, எங்கேன்னு எந்த ரெக்கார்டுலயும் இல்லை.

அந்த வெத்து இடத்துலதான் மரீஸ் கோண்டே தன் நாவலைக் கட்டினாங்க. குவாதலூப் தீவுல பிறந்த பிரெஞ்சு மொழி எழுத்தாளர், 2024ல காலமானவங்க. 1986ல வந்த நாவல், இங்கிலீஷ்ல ‘ஐ, டிட்யூபா’ன்னு கிடைக்குது. க்ரூசிபிளும் இதுவும் ஒரே ஊர், ஒரே வழக்கு. அங்கே ஓரமா நின்ன வேலைக்காரி, இங்கே ‘நான்’னு பேசறா. ரெண்டையும் அடுத்தடுத்த மாசம் வெச்சா அது தனி ருசி.

மந்திரம் நிஜமா இருந்தா?

புத்தகம் செலக்ட் பண்ணும்போது நான் பார்க்கிற முக்கியமான பாயிண்ட் இது. குற்றம் சாட்டப்பட்டவளுக்கு நாவலாசிரியர் நிஜமாவே மந்திர சக்தி கொடுத்துட்டா என்ன ஆகும்? அப்போ தூக்குல போட்ட ஜட்ஜ் சொன்னது சரின்னு ஆயிடுதே! கோண்டேயோட டிட்யூபாவுக்கும் செத்தவங்ககூட பேசுற சக்தி இருக்கு. ஆனா அவ அதை வெச்சு நோய் தீர்க்கிறா, ‘சூனியக்காரி’ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நம்மையே திருப்பிக் கேட்கிறா. அது வேற. ஜெனட் வின்டர்சன் 2012ல எழுதின ‘தி டேலைட் கேட்’ல இருட்டு மந்திரமும் ரத்தமும் தாராளம். எழுத்து பிரமாதம்தான், ஆனா முதல் மீட்டிங்குக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

அந்த நாவலோட களம் இங்கிலாந்தோட பெண்டில், வருஷம் 1612. ஒரு ஏழைப் பொண்ணு தெருவுல போற வியாபாரிகிட்டே குண்டூசி கேட்டா. அவர் தரலை. கொஞ்ச நேரத்துல அவர் சுருண்டு விழுந்தார். இன்னிக்குன்னா ‘ஸ்ட்ரோக்’னு 108க்கு போன் போடுவோம். அன்னிக்கு அதுலேர்ந்து கிளம்பின வழக்குல அந்தப் பொண்ணையும் சேர்த்து லங்காஸ்டர்ல பத்துப் பேரைத் தூக்குல போட்டாங்க. முக்கிய சாட்சி, அவளோட ஒன்பது வயசுத் தங்கச்சி. சொந்த அம்மாவுக்கு எதிராவே! இதே வழக்கை மந்திரம் அதிகம் இல்லாம, கர்ப்பமா இருக்கிற பணக்கார வீட்டுப் பொண்ணு, அவளோட மருத்துவச்சின்னு இன்னொரு பக்கத்துலேர்ந்து சொல்றது ஸ்டேசி ஹால்ஸோட ‘தி ஃபெமிலியர்ஸ்’ (2019). விறுவிறுன்னு போகும்.

கொஞ்சம் குளிருக்குத் தயார்னா கிரண் மில்வுட் ஹார்கிரேவோட ‘தி மெர்சீஸ்’ (2020). நார்வேயோட வடகோடியில வார்டோ தீவு. 1617 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் புயல்ல 40 மீனவங்க கடலோட போயிட்டாங்க. ஊர்ல மிஞ்சினது பொம்பளைங்க. அவங்களே படகு எடுத்து மீன் பிடிக்கிறாங்க, அப்புறம் அதிகாரி வர்றார்... போதும், மீதியை நீங்களே படிங்க. 2011ல அந்தத் தீவுல ஒரு நினைவகம் கட்டினாங்க. நீளமான இருட்டு நடை. செத்த 91 பேருக்கும் ஆளுக்கொரு சின்ன ஜன்னல், அதுல ஒரு விளக்கு.

‘இங்கிலீஷ் நாவல்னா எனக்கு ஜுரம் வரும்’னு சொல்ற நண்பர் கிளப்புல இருந்தா சீலியா ரீஸோட ‘விட்ச் சைல்ட்’ (2000) எடுங்க. டைரி வடிவம், சின்னச் சின்னப் பகுதி. ஏ.கே.பிளேக்மோரோட ‘தி மேனிங்ட்ரீ விட்சஸ்’ (2021) கவிஞர் எழுதினது. ஒவ்வொரு வரியும் நின்னு படிக்கணும். செமஸ்டர் பக்கத்துல வேண்டாம்.

‘இதெல்லாம் எங்கேயோ, எப்பவோ’ன்னு யாராவது மீட்டிங்ல சொன்னா ஒரு நிமிஷம் நிறுத்துங்க. இந்த மாதிரிப் பழிக்கு எதிரா பீகார் 1999லயும், ஜார்க்கண்ட் 2001லயும் சட்டம் கொண்டு வந்தாங்க. அஸ்ஸாம் சட்டசபையில 2015ல நிறைவேறிச்சு. சூனியக்காரின்னு முத்திரை குத்தி விரட்டப்பட்ட சுட்னி மஹதோ, அதுக்கப்புறம் தன்னை மாதிரிப் பெண்களைக் காப்பாத்த இறங்கினாங்க. 2021ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. மகாஸ்வேதா தேவி ஜார்க்கண்ட் பக்கத்துப் பஞ்சத்தை வெச்சு எழுதின குறுநாவல் இங்கிலீஷ்ல ‘தி விட்ச்’ங்கிற பேர்ல ‘பிட்டர் சாயில்’ தொகுப்புல இருக்கு. சின்னதுதான், மெயின் புத்தகத்தோட சேர்த்தே படிச்சுடலாம்.

சேலம்ல தண்டிக்கப்பட்டு, தூக்குலேர்ந்து தப்பிச்ச எலிசபெத் ஜான்சன் பேர்ல இருந்த குற்றம் 2022 வரைக்கும் நீங்கலை. நீக்க வெச்சது யார் தெரியுமா? மாசசூசெட்ஸ்ல எட்டாம் கிளாஸ் பசங்க. ஸ்கூல் பாடத்துக்காக இதைக் கையில எடுத்து, சட்டசபை வரைக்கும் போயிட்டாங்க!

ஆள் கம்மி, காசு கம்மின்னா கடைசி யோசனை. க்ரூசிபிளை எடுங்க. நாலே அங்கம், ரெண்டு மூணு காப்பி இருந்தாலே போதும். ரோல் பிரிச்சு சத்தமா வாசிச்சா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுடும். ஜட்ஜ் டான்ஃபோர்த் ரோலை மட்டும் டிராமா கிளப் ஆளுக்குக் கொடுத்துடாதீங்க. கிளாஸ்ல எப்பவும் பொறுமையா, நியாயமா பேசுறவர் ஒருத்தர் இருப்பார் இல்லையா... அவர்கிட்டே கொடுங்க. அந்த வசனமெல்லாம் கத்தாம, அமைதியா வந்தாத்தான் பயமா இருக்கும்.