பெரிய பொறுப்புக்கு நம் பிள்ளைகள் ஆயத்தமாவது எப்படி?

அன்று பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். ஒரு தகப்பனார் எமது அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கையில் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு இருந்தது. இளைஞர் அபிவிருத்தித் திட்டமொன்றுக்கு சிரேஷ்ட முகாமையாளர் தேவை என்ற விளம்பரம் அது.

"சேர், எங்க மக ஏ.எல். பாஸ் பண்ணிட்டு வீட்டுல இருக்கு. இளைஞர் கழகத்துல பொருளாளர். இந்த வேலைக்குப் போட்டா கெடைக்குங்களா?"

விளம்பரத்தை வாசித்துப் பார்த்தோம். பட்டம், ஐந்து வருட அனுபவம், மும்மொழி அறிவு, நிதி முகாமைத்துவம் என்று கேட்டிருந்தார்கள். "இப்போது கிடைக்காது" என்று உள்ளதைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். "அப்ப நம்ம தோட்டத்துக்கு வர்ற திட்டத்துக்கெல்லாம் எப்பவுமே வெளியாள்தான் பெரியவரா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். வெளியிலிருந்து வந்து உண்மையாய் உழைத்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வெளிக்கள உத்தியோகத்தர் என்ற படியோடு நின்றுவிடுவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கெட்டித்தனம் குறைவு என்பது காரணமல்ல. மேலே இருப்பவர் நாள் முழுதும் என்ன வேலை செய்கிறார் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. தெரியாத வேலைக்கு ஒருவர் எப்படித் தம்மை ஆயத்தப்படுத்துவார்?

வெளிக்கள உத்தியோகத்தர் ஒரு வகுப்பை நடத்துகிறார். இணைப்பாளர் நாலைந்து தோட்டங்களில் நடக்கும் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். முகாமையாளர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். நிதி தந்த நிறுவனத்துக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், பிள்ளையை அனுப்பிய தாய்க்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மேடையில் நன்றாகப் பேசுகிறவர்தான் தலைவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த வேலையில் பேச்சு கொஞ்சம். கணக்கும் கடிதமும் காதுகொடுத்துக் கேட்பதும்தான் அதிகம்.

முதலில் காசு. நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஒரு தையல் வகுப்பை எடுத்துக்கொள்வோம். 24 பேர், 40 நாள். தேநீருக்கும் பனிசுக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 ரூபா என்றால் மொத்தம் 115,200 ரூபா வேண்டும். பாதீட்டில் 90,000 ரூபாதான் போட்டிருக்கிறது. அப்படியே செலவழித்துக்கொண்டு போனால் 31ஆம் நாளோடு காசு முடிந்துவிடும். மிச்சம் 9 நாளைக்கு என்ன செய்வது? வகுப்பு தொடங்கி 32ஆம் நாள் இதைக் கண்டுபிடிப்பவருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கலாம், தலைமை இன்னும் கைவரவில்லை. தொடங்குவதற்கு முன்பே பெருக்கிப் பார்த்து, 25,200 ரூபா குறைகிறது என்று நிதி தந்தவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அல்லது பெற்றோரைக் கூட்டி, தேநீரை நாமே போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று பேச வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தையல் இயந்திரத்துக்கு ஒதுக்கிய காசில் மிச்சம் இருக்கிறது, அதில் எடுத்தால் என்ன? யாரும் திருடவில்லைதான். ஆனாலும் எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு தலைப்புக் காசை இன்னொரு தலைப்புக்கு மாற்றினால் கணக்காய்வில் அது குற்றமாகவே நிற்கும். நல்ல மனதோடு செய்து பெயர் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள்.

பற்றுச்சீட்டும் அப்படித்தான். டவுன் கடையில் பில் தருவார்கள். தோட்டத்துக் கடையில் யார் தருவார்? "அண்ணாச்சி, ஒரு சைன் வச்சிக் குடுங்க" என்று கேட்க நமக்கு வெட்கம். சின்னதாக ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்திருந்து, பொருள், தொகை, திகதி எழுதி, கடைக்காரரிடம் கையொப்பம் வாங்கிப் பழகுங்கள். பெரிய பொருள் என்றால் மூன்று கடையில் விலை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் ஒப்பமிடும் ஏற்பாடு செய்யுங்கள். இவை எல்லாவற்றையும் ஓர் இளைஞர் கழகத்தின் 5,000 ரூபா கணக்கிலேயே பழகிவிடலாம். ஐம்பது இலட்சத்துக்கும் முறை இதுதான். பூச்சியங்கள் மட்டும் கூடும்.

அடுத்தது, திட்டம் பலன் தந்ததா என்று அளக்கத் தெரிவது. இதற்குப் பெரிய பெரிய படிவங்களும் புரியாத சொற்களும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது புதிதல்ல. காலையில் பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஒரு கணக்கு. பின்னேரம் கொழுந்து மடுவத்தில் எத்தனை கிலோ நிறுத்தார்கள் என்பது வேறு கணக்கு. 30 பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பது பெரட்டுக் கணக்கு. ஆறு மாதம் கழித்து அதில் எத்தனை பேர் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள், எத்தனை பேர் பழையபடி கொழும்புக் கடைக்கே போய்விட்டார்கள் என்பதுதான் நிறுவைக் கணக்கு. பொறுப்பில் இருப்பவர் இரண்டாவது கணக்கைத் தேடிப் போக வேண்டும். அது குறைவாக இருந்தால் குறைவென்றே எழுத வேண்டும்.

இதில் நாம் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட மண்டபத்தில் பின்னேரம் 3 மணிக்குக் கம்பியூட்டர் வகுப்பு வைத்தோம். வரவுப் பதிவேட்டில் மாதாமாதம் 22 பேர் இருந்தார்கள். மூன்றாம் மாதம் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது 7 பேர் இருந்தார்கள். பிள்ளைக்காம்பராவிலிருந்து தம்பி தங்கச்சியைத் தூக்கி வருவதும், தண்ணீர் பிடிப்பதும், அம்மா மலையிலிருந்து வருவதற்குள் அடுப்பு மூட்டுவதும் அந்த நேரத்தில்தான். அது எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொய் வரவு போட்ட தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தோம். "கொறைஞ்சா ஏசுவீங்கன்னு பயந்தேன் சேர்" என்றார். அவர் செய்தது பிழைதான். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது நாங்கள். மாதக் கூட்டத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டோம், ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றினோம். பழைய மூன்று மாத அறிக்கையைத் திருத்தி நிதி தந்தவர்களுக்கு அனுப்பினோம். அந்தக் கடிதத்தை எழுதுவது எமக்கு இலேசாக இருக்கவில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆகவே பிரதேச செயலகத்துக்குத் தமிழில் கடிதம் கொடுக்கவும் தமிழில் பதில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும், நிதி தருபவருக்கான அறிக்கை ஆங்கிலத்தில் போகும். மற்றவர் மொழிபெயர்த்துச் சொல்லும் வரை காத்திருக்கும் முகாமையாளர் அந்தக் கூட்டத்தில் பாதி முகாமையாளர்தான். வாரத்துக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், கழகத்தில் இந்த வாரம் என்ன நடந்தது என்று. சிங்களத்தைச் சந்தையிலும் பஸ்ஸிலும் பேசப் பழகியிருக்கிறோம். அதை வாசிக்கவும் பழக வேண்டும்.

சட்டமும் சுற்றுநிருபமும் தெரிந்திருப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நேரடியாகச் சேவை செய்வதற்குத் தடையாக நெடுங்காலம் இருந்தது. விளையாட்டு மைதானத்தைத் திருத்தித் தாருங்கள் என்று போன இளைஞர்கள் வெறுங்கையோடு திரும்பியதுண்டு. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இது தெரிந்தவர் சபைக்குப் போய்ப் பேசும் விதமே வேறு. அதேநேரம் 1992இலிருந்து தோட்டங்களைக் கம்பனிகள் நிர்வகிப்பதால், மண்டபமானாலும் மைதானமானாலும் துரையிடமும் பேசத்தான் வேண்டும். சண்டைக்குப் போவதுபோலவும் போகக் கூடாது, கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

சிறுவர் பாதுகாப்பை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையானவர்களை இளைஞர் என்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சிறுவர்கள். அப்படியானால் எந்த இளைஞர் திட்டத்துக்குள்ளும் சிறுவர்கள் இருக்கிறார்கள். வதிவிட முகாமுக்குக் கூட்டிப் போனால் யார் எங்கே படுப்பது, கூட எந்தப் பெரியவர் போவது, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் எங்கே என்பதெல்லாம் தலைமையில் இருப்பவரின் பொறுப்பு. 16 வயது வரை கல்வி கட்டாயம். தொழிற்பயிற்சி என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளையை இழுத்துவிடக் கூடாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரியவந்தால் தோட்டத்துக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். சொந்தக்காரரானாலும் சரி, சங்கத்துக்காரரானாலும் சரி.

இனி யுவதிகள் விடயம். "பொம்பளப் புள்ள, இருட்டுல கூட்டத்துக்குப் போறதா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாதது என்று நாம் சொல்ல மாட்டோம். கடைசி பஸ் போன பிறகு நாலு மைல் தேயிலைக்குள் நடந்து வருவது யாருக்கும் பயம்தான். ஆகவே கூட்டத்தைப் பகலில் வையுங்கள், அல்லது திரும்பிக் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் மகனாக இருந்தால் போகவிட்டு மகளை மட்டும் நிறுத்தினால், பத்து வருடத்துக்குப் பிறகு வரும் விளம்பரத்துக்கு அவளிடம் காட்ட அனுபவம் இருக்காது. முதல் இரண்டு தடவை தகப்பனோ அண்ணனோ கூடப் போய் வாருங்கள். மூன்றாம் தடவை அவளே போவாள்.

நேர்முகப் பரீட்சைக்கு வருவோம். "சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். எந்த வருடம், எந்த வேலை, எத்தனை பேர், எவ்வளவு காசு, என்ன பிழை வந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நாமும் சில தடவை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறோம். நாம் வழக்கமாகக் கேட்பது இது: உங்கள் கீழ் உள்ள உத்தியோகத்தர் பொய் வரவு போட்டிருக்கிறார், என்ன செய்வீர்கள்? "உடனே வேலையிலிருந்து நிறுத்துவேன்" என்கிறவருக்கும் நாம் அதிகம் புள்ளி போடுவதில்லை, "மன்னித்து விடுவேன்" என்கிறவருக்கும் போடுவதில்லை. ஏன் போட்டார் என்று முதலில் கேட்பேன், அறிக்கையைத் திருத்துவேன், மேலிடத்துக்கு அறிவிப்பேன் என்று வரிசையாகச் சொல்பவரைக் கவனிப்போம். நீங்களும் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இந்தத் திட்டத்தின் காசு எந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகு பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? மூன்று வருடத் திட்டமென்றால் இரண்டாம் வருடமே அந்தந்தத் தோட்டத்தில் பொறுப்பெடுக்க இரண்டு பேரைப் பழக்க வேண்டும். திட்டம் முடிந்த மறுமாதம் மண்டபம் பூட்டிக்கிடப்பதை நம் தோட்டங்களில் பார்க்காதவர் யார்?

பட்டம் தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவைதான். திறந்த பல்கலைக்கழகம் கண்டியிலும் பதுளையிலும் நிலையம் வைத்திருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவைகள் உத்தியோகத்தரைக் கண்டு கழகத்தைப் பதிவு செய்யுங்கள், அவர்கள் வைக்கும் பயிற்சிகளுக்கும் போங்கள். ஆனால் சான்றிதழ் வரட்டும், பிறகு கணக்கைப் பழகுவோம் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தகப்பனார் அடுத்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கழகத்தின் காசேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். 18 மாதக் கணக்கு, எழுத்து சுத்தமாக இருந்தது. இரண்டு செலவுக்கு மட்டும் பற்றுச்சீட்டு இல்லை. எங்கே என்று கேட்டோம். "ஒண்ணு மழையில நனைஞ்சி கிழிஞ்சிருச்சி சேர். மத்தது நான் எழுதி வாங்கவே இல்ல" என்றாள். தகப்பனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. எமக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வருகிற மாதம் தொடங்கும் தையல் வகுப்பின் சில்லறைக் காசேட்டை அவளிடமே கொடுப்பதாக இருக்கிறோம். தகப்பனார் சரி என்றுவிட்டார். தாயார்தான் இன்னும் பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

காசேடு, பற்றுச்சீட்டு, ஒரு பக்கப் பாதீடு ஆகியவற்றின் மாதிரித் தாள்கள் எமது அலுவலகத்தில் இருக்கின்றன. இளைஞர் கழகங்கள் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். வரும்போது உங்கள் பழைய கணக்குக் கொப்பியையும் கொண்டுவாருங்கள், அது எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை.