கையெழுத்துப் போடும் முன் உடலைப் பாருங்கள்

சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் போலீஸ்காரர் வந்து, "பக்கத்துத் தெருவுல ஒரு சாவுங்க, பஞ்சாயத்தாரா வந்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்று கூப்பிட்டால் யாருக்கும் முதலில் வருவது பயம்தான். பின்னால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்ற கவலை. சாட்சியாகக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் கையெழுத்து எதற்கு என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

சந்தேக மரணத்தை விசாரிக்கவே 'கொரோனர்' என்று தனி அதிகாரி இங்கிலாந்தில் உண்டு. 1194 முதல் இருக்கும் பதவி அது. அங்கே 2009இல் வந்த சட்டம், கொரோனர்களுக்கான பயிற்சி விதிகளை வகுக்கும் அதிகாரத்தைத் தலைமைக் கொரோனருக்குக் கொடுத்தது. அந்தப் பயிற்சியில் மருத்துவம், சட்டம் போன்ற துறைகளின் நிபுணர்கள் பாடம் நடத்துகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையிலும் கொரோனர் இருந்தார்; 1889இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். மும்பையில் மட்டும் 1999 வரை நீடித்தது.

இப்போது நம் ஊரில் அந்த வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. சாதாரணமாகப் பிரேத விசாரணை செய்வது போலீஸ். கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரிப்பார். லாக்கப்பில் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி, அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேராவது கூட இருக்க, உடலில் உள்ள காயம், கன்றல், தழும்பு எல்லாவற்றையும் போலீஸ் எழுத வேண்டும். அந்த அக்கம்பக்கத்தார்தான் பஞ்சாயத்தார்.

எதைப் பார்ப்பது? தூக்கு என்று சொல்லப்படும் சாவையே எடுத்துக்கொள்வோம். தானாகத் தொங்கியவர் கழுத்தில் கயிற்றுத் தடம் பெரும்பாலும் மேலே, தாடையை ஒட்டி, சாய்வாக ஏறும். முடிச்சு இருந்த பக்கம் விட்டுப் போயிருக்கும். கயிறு போட்டு இறுக்கிக் கொன்றிருந்தால் தடம் பெரும்பாலும் கீழே, மட்டமாக, கழுத்தைச் சுற்றி முழுதாக ஓடும். இறந்தபின் ரத்தம் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். அந்த இடத்தில் தோல் கருஞ்சிவப்பாகி, சில மணி நேரத்தில் அந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். தொங்கியவருக்கு அது கால்களிலும் கைநுனியிலும் இருக்க வேண்டும். முதுகில் இருந்தால், மல்லாந்து கிடந்த உடலைப் பிறகு தூக்கி மாட்டினார்களா என்ற கேள்வி வரும்.

இதை முடிவுகட்ட வேண்டியது மருத்துவர். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு உடல் போகும். விஷம் என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத்திலிருந்து பகுதிகளை எடுத்துப் பொதுவாக உப்பு முட்டக் கரைத்த தண்ணீரில் போட்டுச் சீல் வைப்பார்கள். அந்த உப்புத் தண்ணீரிலும் தனியாகக் கொஞ்சம் ஆய்வகத்துக்குப் போகும். விஷம் உடலிலிருந்து வந்ததா, தண்ணீரிலேயே கலந்திருந்ததா என்ற சந்தேகம் எழக் கூடாது என்பதற்காக.

இவ்வளவு நுணுக்கமும் பிணவறை மேசைக்கு வந்த பிறகுதான். கயிற்றை அறுத்து இறக்கிய விதம், அறை கிடந்த கோலம், கதவுத் தாழ்ப்பாள் இதெல்லாம் அங்கே வராது. அவற்றைப் பார்ப்பவர்கள் எஸ்.ஐ.யும் பஞ்சாயத்தாரும்தான். நிபுணர்களின் பாடம் முதலில் போக வேண்டியது அவர்களிடம்தான்.

ஆகவே கூப்பிட்டால் போங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் பார்த்த காயம் அதில் இல்லையென்றால், "அதையும் எழுதுங்க சார்" என்று சொல்லுங்கள். இறந்தவருக்காகப் பேச அந்த இடத்தில் வேறு ஆள் இல்லை.