கோப்பு மேல் தப்பில்லை

தாத்தாவின் நாட்குறிப்பை மூன்று மாதமாகத் தட்டச்சு செய்து தளத்தில் ஏற்றினேன். என் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ், தளத்தில் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வரிவரியாக நின்றது.

அந்தக் குப்பைதான் துப்பு. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தோ, காலோ, கொம்போ, ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதை மேற்கு ஐரோப்பியக் குறியீடாகப் படித்தால் அந்தக் கோடு போட்ட ஏ-தான் வரும்.

மெட்டா வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கேனே? எழுதியும் பிரயோஜனமில்லை. சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெட்டர் வேறு சொன்னால், பிரவுசர் ஹெட்டரைத்தான் நம்பும். கணினியில் கோப்பை நேராகத் திறந்தால் ஹெட்டரே கிடையாது. அதான் அங்கே சரியா இருந்தது.

கர்ல் கட்டளையில் ஹெட்டரை மட்டும் கேட்டுப் பார்த்தேன்: ஐஎஸ்ஓ-8859-1. அப்பாச்சியில் 'ஆட்-டிஃபால்ட்-சார்செட்' செய்த வேலை. எச்டிஆக்சஸ் கோப்பில் அதையே யூடிஎஃப்-8 என்று போட்டேன், தமிழ் திரும்பிடுச்சு.

இதைப் பார்க்கறதுக்கு முன்னாடி, பயத்தில் எல்லாக் கோப்பையும் 'கன்வர்ட்' பண்ண உட்கார்ந்திருந்தேன். பண்ணியிருந்தா, நல்லா இருந்த பைட்டுகளையே மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கி நிஜமாவே கெடுத்திருப்பேன்.